பள்ளிக்கூடத்தைக் கட்டியது யார்?
ஹைதராபாத் சிட்டி காலேஜை முன்வைத்துச் சில எண்ணங்கள்

மதினா பக்கம் பஸ்ஸை விட்டு இறங்கி ஹைகோர்ட்டை நோக்கி நடந்தால், அதை ஒட்டி மூசி ஆற்றங்கரையில் இன்னொரு பெரிய கட்டடம் நிற்பதைப் பார்க்கலாம். ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் அதையும் கோர்ட்டின் ஒரு பகுதி என்றே எண்ணிக்கொள்வார்கள். நானும் முதல் ஐந்தாறு வருஷம் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அது கோர்ட் இல்லை, பள்ளிக்கூடம். சிட்டி ஹை ஸ்கூல் என்ற பெயரில் கட்டப்பட்டு, 1929-இல் கல்லூரியாக உயர்ந்து, இன்று அரசு சிட்டி காலேஜ் என்று வழங்குகிறது. உருதுக் கவிஞர் மக்தூம் மொஹியுத்தீன் ஆசிரியராக வேலை பார்த்த இடம் என்றால் இலக்கிய அன்பர்களுக்கு உடனே விளங்கும்.

ஒரு நாள் வாசலில் உட்கார்ந்திருந்த காவலாளியிடம், "இதைக் கட்டினது யாருங்க?" என்ற பொருளில் எனக்குத் தெரிந்த உருதுவில் கேட்டேன். "நிஜாம் சர்க்கார் பனாயே, சாப்" என்றார். கேள்வியே அநாவசியம் என்பது போல இருந்தது அவர் பார்வை.

அவரைப் பார்த்து நாம் சிரிக்க முடியாது. தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியது யார் என்று நம் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டால், யோசிக்காமல் ராஜராஜன் என்பார்கள். ராஜராஜன் கல்லைச் சுமந்தானா, கயிறு பிடித்து அளந்தானா? ஆனால் அந்த மன்னனிடம் ஒரு பெருந்தன்மை இருந்தது. குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன் என்று தலைமைத் தச்சனின் பெயரையும் அதே கோயிற் சுவரில் வெட்டி வைத்தான். ஆயிரம் ஆண்டு கழித்தும் நம்மால் அந்தப் பெயரைச் சொல்ல முடிகிறது. நூறு வருஷத்துக்கு முந்திய ஒரு பள்ளிக்கூடத்தின் பெருந்தச்சன் பெயரைச் சொல்லத்தான் தடுமாறுகிறோம். இந்தத் தடுமாற்றம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் இக்கட்டுரையின் விஷயம்.

நான் கட்டடக் கலை படித்தவன் இல்லை. கணக்கு அலுவலகத்தில் காலம் தள்ளியவன். ஆகவே ஒரு தொகை எங்கிருந்து வந்தது, யார் கையெழுத்தில் போனது என்று பார்ப்பதே என் பழக்கம். கட்டடத்தையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். பணம் கொடுத்தவர் ஒருவர், படம் வரைந்தவர் ஒருவர், நின்று கட்டி முடித்தவர் ஒருவர். நம் நூல்களில் முதல் ஆளின் பெயர் கட்டாயம் இருக்கும். இரண்டாம் ஆள் வெள்ளைக்காரராக இருந்தால் அவர் பெயரும் இருக்கும். மூன்றாம் ஆள்தான் காணாமல் போகிறார்.

முதல் ஆளின் பெயராவது ஒழுங்காக இருக்கிறதா என்றால், அதிலும் குழப்பம். சிட்டி காலேஜின் மூலம் 'மதரஸா தாருல் உலூம்' என்ற பழைய பள்ளி. அதை 1865-இல் ஆறாம் நிஜாம் மெஹ்பூப் அலி கான் நிறுவினார் என்று கையேடுகளிலும் பத்திரிகைக் கட்டுரைகளிலும் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். மெஹ்பூப் அலி கான் பிறந்ததே 1866-இல்! பட்டத்துக்கு வந்தது 1869-இல், மூன்று வயதுக்கு முன்பே. பிறப்பதற்கு முன் பள்ளிக்கூடம் நிறுவிய மன்னர் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருக்க முடியும். அந்த ஆண்டு சிம்மாசனத்தில் இருந்தவர் ஐந்தாம் நிஜாம் அஃப்சலுத் தௌலா. தாருல் உலூம் என்ற ஏற்பாட்டுக்குப் பின்னால் இருந்தவரோ 1853 முதல் 1883 வரை திவானாக இருந்த முதலாம் சாலார் ஜங். ஒருவர் எழுதியதை அடுத்தவர் பார்த்து எழுதி, அதை மூன்றாமவர் மேற்கோள் காட்டி, கடைசியில் அது வரலாறாக நின்றுவிட்டது. ஒரே ஒரு முறை இரண்டு தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் போதும்.

தேதி விஷயத்தில் இன்னொரு கண்ணியும் உண்டு. இப்போதுள்ள கட்டடம் முடிந்தது 1920 என்று சிலரும், பள்ளி அங்கே குடிபோனதை வைத்து 1921 என்று சிலரும் எழுதுகிறார்கள். இப்படிப்பட்ட ஓராண்டு வேறுபாடுகள் இந்த ஊரில் வருவதற்கு ஒரு எளிய காரணம் இருக்கிறது. நிஜாம் அரசின் அலுவலகக் கணக்கு பசலி ஆண்டில் ஓடியது. பசலி நமக்குப் புதிதல்ல. ஜமாபந்தி நடக்கும் தாலுகா ஆபீஸ் வாசலை மிதித்த எவருக்கும் தெரியும், பசலியோடு 590-ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு. ஆனால் தமிழ்நாட்டில் பசலி ஜூலை முதல் தேதி பிறக்கும். நிஜாம் ராஜ்யத்திலோ அக்டோபர் தொடக்கத்தில், ஆசுர் மாதத்தில் பிறந்தது. பசலி 1330 என்று ஒரு கோப்பில் இருந்தால் அது 1920 அக்டோபரும் ஆகலாம், 1921 செப்டம்பரும் ஆகலாம். போதாததற்கு அரண்மனை ஆணைகளில் ஹிஜிரி ஆண்டு வேறு. மூன்று காலண்டரை மேஜைமேல் விரித்து வைத்துக்கொள்ளாமல் இந்த ஊர்க் கட்டடங்களைப் பற்றி எழுத உட்காரவே கூடாது என்பேன்.

இனி இரண்டாம் ஆளுக்கு வருவோம். வின்சென்ட் ஜெரோம் எஷ் என்ற ஆங்கிலேயர் 1914-இல் நிஜாம் அரசின் பணிக்கு வந்தார். காச்சிகுடா ரயில் நிலையம், ஹைகோர்ட், சிட்டி ஹை ஸ்கூல், உஸ்மானியா ஆஸ்பத்திரி என்ற நான்கும் அவர் பெயரில் உள்ளவை. நெடுங்காலம் மறந்துபோயிருந்த இந்த மனிதரைப் பற்றி 1993-இல் ஜைல்ஸ் டில்லட்சன் ஒரு தனிக் கட்டுரை எழுதினார். ஆராய்ச்சி என்று சொல்லத்தக்க முறையில் இந்தப் பள்ளிக்கூடத்தின் வடிவமைப்பாளரைப் பேச அதுதான் வழி திறந்தது. அந்த நன்றி நமக்கு இருக்க வேண்டும்.

இந்த நான்கு கட்டடமும் ஏன் ஒரே காலத்தில் எழுந்தன? 1908 செப்டம்பர் 28 அன்று மூசியில் வந்த வெள்ளம் நகரத்தைப் புரட்டிப் போட்டது. விஸ்வேஸ்வரய்யாவை அழைத்தார்கள். அவர் மேலே அணை கட்டி நீரைத் தடுக்கவும், ஊருக்குள் கரையைச் சீர்படுத்தவும் யோசனை சொன்னார். 1912-இல் நகர மேம்பாட்டு வாரியம் அமைந்தது. வெள்ளம் வாரிக்கொண்டு போன கரையில், தெற்கே நீதிமன்றமும் பள்ளியும், எதிர்க்கரையில் ஆஸ்பத்திரியுமாக வரிசை வைத்தார்கள். ஆக, இந்தப் பள்ளிக்கூடத்தை அதன் வாசலில் நின்று பார்ப்பது பாதிப் பார்வைதான். பாலத்தின்மேல் நின்று, அல்லது அக்கரையிலிருந்து, ஆற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இன்று அந்த ஆற்றில் என்ன ஓடுகிறது என்று கேட்காதீர்கள், மூக்கைப் பொத்திக்கொண்டாவது ஒருமுறை பாருங்கள்.

எல்லாவற்றையும் 'இந்தோ சாரசெனிக்' என்ற ஒரே கூடையில் போடுவது நம் எழுத்தாளர்களின் வழக்கம். எஷ் அப்படிப் போடவில்லை. தன் கட்டடங்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பாணி சொன்னார். இந்தப் பள்ளிக்கு அவர் வைத்த பெயர் 'பெர்பெண்டிகுலர் மொகல் சாரசெனிக்'. கேட்டால் ஏதோ ஓட்டல் பதார்த்தத்தின் பெயர் போல இருக்கிறது. ஆனால் அந்த முதல் சொல்லில்தான் சூட்சுமம். பெர்பெண்டிகுலர் என்பது இங்கிலாந்தின் கோதிக் கட்டடக் கலையில் கடைசிக் கட்டம். செங்குத்துக் கோடுகள் மேலோங்கி, ஜன்னல்கள் ஓங்கி உயர்ந்து நிற்கும். ஈட்டன் பள்ளியின் தேவாலயமும் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரித் தேவாலயமும் அந்தப் பாணியைச் சேர்ந்தவை. இங்கிலாந்தில் வளர்ந்த ஒருவர் மனத்தில் 'பள்ளிக்கூடம்' என்றதும் எழும் உருவம் அதுவாக இருந்ததில் வியப்பென்ன? கோர்ட்டுக்கு ஒரு பாணியும் பள்ளிக்கு ஒரு பாணியும் அவர் தேர்ந்ததற்கு இதுவே காரணம் என்பது என் கருத்து. மேலே குவிமாடமும் கூர்வளைவும் மொகலாயம், உள்ளே ஓடும் நெடுங்கோடு ஈட்டன். தாருல் உலூமின் வழிவந்த உருதுப் பள்ளி, இங்கிலாந்துப் பள்ளியின் எலும்பைப் போர்த்திக்கொண்டு மூசிக்கரையில் நிற்கிறது. இதைத் தெரிந்துகொண்டு பார்த்த பிறகு அந்தக் கட்டடம் எனக்குக் கோர்ட் மாதிரித் தோன்றவே இல்லை. வடிவமைத்தவர் யார் என்று தேடுவதன் பலன் இதுதான், பெயர்ப் பலகைக்கு ஒரு பெயர் கிடைப்பதல்ல.

சரி, எஷ் பெயர் கிடைத்ததோடு விசாரணை முடிந்ததா? முடியவில்லை. பக்கத்துக் கட்டடமான ஹைகோர்ட்டைப் பாருங்கள். அங்கே மூன்று பெயர்கள் பதிவாகியுள்ளன. வரைபடம் ஜெய்ப்பூர் சங்கர் லால், கட்டி நிறைவேற்றியவர் உள்ளூர் எஞ்சினியர் மெஹர் அலி ஃபாசில், தலைமைக் கட்டடக் கலைஞர் எஷ். 1915 ஏப்ரலில் தொடங்கிய வேலை 1919 மார்ச்சில் முடிந்தது. ஜெய்ப்பூரில் ஸ்வின்டன் ஜேக்கப் என்ற எஞ்சினியர் தன் மராமத்து இலாகாவில் உள்ளூர் வரைவாளர்களை வைத்துக்கொண்டு, பழைய கட்டடங்களின் வளைவு, தாங்கி, சாளர வலை, அடிபீடம் ஒவ்வொன்றையும் அளந்து படம் எழுதி 1890 முதல் பெரிய தொகுதிகளாக வெளியிட்டவர். அப்படிப்பட்ட ஊரிலிருந்து ஒரு வரைவாளரை ஹைதராபாத் வரவழைத்தது என்றால், அவர் கோடு இழுக்க மட்டும் வந்தவர் என்று நான் நம்பத் தயாரில்லை. ஆனாலும் நம் நூல்களில் 'எஷ்ஷின் ஹைகோர்ட்' என்றே வருகிறது. மற்ற இருவரும் அடுத்த வரியில் துணை வேடம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஹைதராபாத் வருவதற்கு முன்பே எஷ் கல்கத்தாவில் விக்டோரியா மெமோரியலின் மேற்பார்வைக் கட்டடக் கலைஞராக இருந்தவர். வடிவமைப்பு வில்லியம் எமர்சனுடையது. அங்கே நின்று கட்டுவித்தவர் எஷ். 1906-இல் அடிக்கல் நாட்டி 1921-இல் திறந்த அந்த மாளிகையைப் பற்றி எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் முதலில் வரும் பெயர் எமர்சன். எஷ் அங்கே இரண்டாம் ஆள். கல்கத்தாவில் எமர்சனுக்கு எஷ் எப்படியோ, ஹைதராபாதில் எஷ்ஷுக்கு மெஹர் அலி ஃபாசில் அப்படி. இரண்டாம் இடத்தில் இருந்தபோது எஷ்ஷுக்கு நேர்ந்தது நியாயமில்லை என்று சொல்கிறவர்கள், அவர் முதலிடத்துக்கு வந்ததும் அதே தராசை எடுப்பதில்லையே, ஏன்?

பெயர் நிலைப்பதற்குத் திறமை மட்டும் போதாது, பட்டமும் வேண்டும் என்று தோன்றுகிறது. உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் ஆர்ட்ஸ் காலேஜை எடுத்துக்கொள்ளுங்கள். 1934-இல் அடிக்கல் நாட்டி 1939 டிசம்பரில் திறந்தார்கள். அதன் வடிவமைப்பாளர் எர்னஸ்ட் ஜாஸ்பர் என்ற பெல்ஜியக்காரர். எகிப்தில் வேலை செய்துகொண்டிருந்தவர். அவரைத் தேடிப் பிடித்தது நிஜாம் அரசு வெளிநாட்டுக்கு அனுப்பிய இரண்டு பேரின் பயணம், ஜைன் யார் ஜங், சையத் அலி ரஸா. ஜாஸ்பர் போன பிறகு வேலையை முடித்துக் கொடுத்தவர் ஜைன் யார் ஜங். இங்கே மட்டும் உள்ளூர்க்காரர் பெயர் அழியாமல் நிற்கிறது. ஏன்? அவர் நவாப், 'ஜங்' பட்டம் பெற்றவர், பிற்காலத்தில் 1948 நெருக்கடி சமயம் டில்லியில் நிஜாமின் பிரதிநிதியாகவே இருந்தவர். அரசியல் வரலாற்றில் இடம் பிடித்ததால் கட்டட வரலாற்றிலும் இடம் மிஞ்சியது. சையத் அலி ரஸாவின் பெயர் அந்த அளவுக்கு யார் வாயிலும் வருவதில்லை பாருங்கள், கணக்கு சரியாக வருகிறது.

வெளிநாட்டு நகரங்களில் இந்தத் தொல்லை ஏன் இல்லை என்று கேட்கலாம். லண்டனில் பள்ளி வாரியம் ஏற்பட்டதுமே 1871-இல் ஈ.ஆர். ராப்சன் என்பவரை அதற்கென்றே கட்டடக் கலைஞராக நியமித்தார்கள். அவர் 1874-இல் பள்ளிக் கட்டடம் பற்றித் தனி நூலே எழுதினார். நியூயார்க்கில் சி.பி.ஜே. ஸ்னைடர் 1891 முதல் 1923 வரை நகரப் பள்ளிக் கட்டடங்களுக்கு மேற்பார்வையாளர். ஒரே இலாகா, ஒரே ஆள், வரிசையான தஸ்தாவேஜு. ஆராய்ச்சியாளர் போய் உட்கார்ந்தால் போதும். நம் ஊரில் பள்ளிக்கூடம் பல வழியில் பிறந்தது. சில அரசு கட்டியவை. சில பிரபுக்களின் மாளிகைகள். நிஜாம் காலேஜ் இருப்பது ஃபக்ருல் முல்க் என்ற பிரபுவின் அசத் பாக் மாளிகையில். அங்கே 'பள்ளியைக் கட்டியவர்' என்ற கேள்வியே பொருந்தாது. பேகம்பேட்டை ஹைதராபாத் பப்ளிக் ஸ்கூலோ 1923-இல் ஜாகீர்தார்களின் பிள்ளைகளுக்காக ஏற்பட்ட ஜாகீர்தார் காலேஜ். ஜாகீர் ஒழிந்த பிறகுதான் பெயரில் 'பப்ளிக்' வந்தது. சத்யா நாதெள்ளா படித்த பள்ளி என்று எல்லோரும் பெருமையாகச் சொல்கிறோம். படித்தவர் பெயர் பலகை ஏறுகிறது, கட்டியவர் பெயர் ஏறுவதில்லை.

சென்னையை நினைத்தால் கொஞ்சம் ஆறுதல். 1870-இல் திறந்த மாநிலக் கல்லூரிக்கு ராபர்ட் சிஸம் என்று பெயர் சொல்கிறோம். அதோடு விட்டதா? விக்டோரியா பப்ளிக் ஹாலைச் சொன்னால் சிஸம் வரைந்தார், நம்பெருமாள் செட்டியார் கட்டினார் என்று இரண்டு பெயரும் சேர்ந்தே வரும். ராமானுஜன் கடைசி நாட்களைக் கழித்த சேத்துப்பட்டு வீடும் அந்தச் செட்டியாருடையதுதான். ஒரு கான்ட்ராக்டரை ஊர் நினைவில் வைத்திருக்கிறது என்பது சின்ன விஷயமில்லை.

இதெல்லாம் வெறும் பெயர்ப் பித்து என்று நண்பர் ஒருவர் சொன்னார். "பேரு தெரிஞ்சா கூரை ஒழுகறது நின்னுடுமா?" என்று கேட்டார். நிற்கும் என்பதுதான் என் பதில். நகரத்தின் ஒரு பழைய பள்ளியில், பெயர் வேண்டாம், சில ஆண்டுகளுக்கு முன் சுவர் ஊறுகிறது என்று சிமெண்ட் பூச்சு பூசினார்கள். உள்ளே இருந்தது சுண்ணாம்புச் சாந்து. சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். ஈரம் வந்தாலும் வெளியே போய்விடும். சிமெண்ட் அதன் மூக்கை அடைத்தது. இரண்டு மழைக்காலத்தில் பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து, கூடவே பழைய செங்கல்லையும் கொண்டு வந்தது. எஸ்டிமேட் போட்ட ஓவர்சியரைக் குறை சொல்லிப் பயனில்லை. எந்தச் சாந்து, எந்தக் கல், கூரையில் எந்தத் தளம் என்று சொல்லும் காகிதம் அவர் கையில் இல்லை. கட்டியவரைத் தேடிப் போனால் அவருடைய படமும் குறிப்பும் கூடவே கிடைக்கும். பெயர் இருக்கும் கோப்பில்தான் சாந்தின் விகிதமும் இருக்கிறது.

சட்டத்தின் பக்கமும் பார்க்க வேண்டும். ஹைதராபாதின் பாரம்பரியக் கட்டடங்களுக்குக் காவலாக இருந்த நகர வளர்ச்சி விதி 13-ஐ 2015 டிசம்பரில் நீக்கினார்கள். 2017-இல் புதிய பாரம்பரியச் சட்டம் வந்தது. 2019-இல், முன்பு சொன்ன அதே ஃபக்ருல் முல்க்கின் இர்ரம் மன்ஸில் மாளிகையை இடித்துச் சட்டமன்றம் கட்ட அரசு முடிவு செய்தபோது, ஹைகோர்ட் அந்த முடிவை ரத்து செய்தது. அந்த மாளிகைக்கு ஒரு பெயரும் கதையும் இருந்தன. பேச ஆள் வந்தது. தெருக்கோடிப் பள்ளிக்கூடத்துக்கு யார் வருவார்கள்? 'பழைய கட்டடம், பலவீனம்' என்று ஒரு வரி எழுதினால் முடிந்தது.

தேட வேண்டிய இடங்களும் நமக்குத் தெரியாதவை அல்ல. தார்நாகாவில் மாநில ஆவணக் காப்பகம் இருக்கிறது. அரசுக் காகிதம் 1880-கள் வரை பாரசீகம், பிறகு உருது. நம்மவர்கள் இங்கே தலைமுறை தலைமுறையாக உருது பேசி மார்க்கெட்டில் பேரம் செய்கிறோம், எழுத்தைக் கற்றவர் எத்தனை பேர்? இரண்டாவது, மராமத்து இலாகாவின் எம்-புக். அளவுப் புத்தகம் இல்லாமல் பில் பாஸ் ஆகாது. அதில் மன்னர் பெயர் இருக்காது, எஷ் பெயர் இருக்காது. இத்தனை கன அடி வேலை, இன்ன கான்ட்ராக்டர், இன்ன மேஸ்திரி, அளந்த ஓவர்சியர் கையெழுத்து என்றுதான் இருக்கும். என் பார்வையில் கட்டட வரலாற்றின் முதல் நூல் அதுதான். ஆராய்ச்சியாளர்கள் அரண்மனை ஆணைகளிலேயே நின்றுவிடுகிறார்கள்.

கடைசியாக நம் வீட்டுக் கதை. செகந்திராபாதில் 1862-இல் சோமசுந்தர முதலியார் ஆங்கிலோ வெர்னாகுலர் பள்ளி என்று ஒன்றைத் தொடங்கினார். அதுவே பின்னால் மெஹ்பூப் காலேஜ் ஆயிற்று. 1893 பிப்ரவரி 13 அன்று, சிகாகோ போகும் முன், விவேகானந்தர் அங்கேதான் பேசினார். தமிழர் கூட்டங்களில் நாம் இதைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். முதலியார் பெயர் சொல்கிறோம், சுவாமிகள் பெயர் சொல்கிறோம், பள்ளிக்குப் பெயர் தந்த நிஜாமைச் சொல்கிறோம். கொத்தனார் ஒருவர் பெயரும் நம் மேடையில் ஏறியதில்லை. அந்தக் காவலாளிக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

மாரேட்பள்ளியிலும் பத்மாராவ் நகரிலும் மெட்டுகுடாவிலும் இருக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கன்டோன்மென்டிலும் ரயில்வேயிலும் மராமத்து இலாகாவிலும் கான்ட்ராக்ட் எடுத்தவர்கள், ஓவர்சியராக இருந்தவர்கள், டிராயிங் ஆபீசில் படம் எழுதியவர்கள் நம் பாட்டன்மார்களில் பலர். பரண்மேல் இருக்கும் டிரங்குப் பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போடும் முன் ஒருமுறை திறந்து பாருங்கள். பில் நகல், கூலிப் பட்டி, நீலத் தாளில் ஒரு படம், எதுவானாலும் சரி. பசலி தேதி போட்டிருந்தால் பயப்பட வேண்டாம், 590 கூட்டிக்கொள்ளலாம். உருதுவில் இருந்தால் படித்துச் சொல்ல ஆள் பிடிப்பது என் பொறுப்பு.